பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு

மிக்கேல்விளையில் முந்நூற்று அறுபத்தொரு மிக்கேல்கள் இருந்தார்கள். அதிதூதர் மிக்கேல் காவல் காக்கிற ஊரில் தலைச்சன் பிள்ளைக்கு மட்டுமல்ல, இடைப்பிள்ளைக்கும் கடைப்பிள்ளைக்கும் அவர் பேரில் ஒரு துண்டாவது ஒட்டாமல் ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழாது என்பதால், அந்தோணிமிக்கேல் ஏழு பேர், ராயப்பமிக்கேல் ஆறு பேர், சூசைமிக்கேல் ஒன்பது பேர் என்று ஊர் நிறைந்து கிடந்தது. தபால்காரரிலிருந்து பங்குச்சாமி வரை யாரும் யாரையும் கோயில் பதிவேட்டுப் பேரால் அடையாளம் கண்டதில்லை, எல்லாம் பட்டப்பேர்தான், அதுவும் ஆள் இல்லாத இடத்தில் மட்டும். ஆள் வந்துவிட்டால் அண்ணாச்சி, மாமா, மச்சான், மைனி. ஆக அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் ஊர் முழுக்க அறிந்த ஒரு பேர் இருந்தது, அதை அறியாதவர் அந்தப் பேருக்கு உரியவர் ஒருவர் மட்டுமே.

மரியமிக்கேல் அந்த ஊரில் முப்பத்தொரு வருஷம் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூடியவர். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் மேலத்தெருவுக்கு நாற்பது நிமிஷம், கோயில் தெருவுக்கு முப்பத்தைந்து, கிணற்றுத் தெருவுக்கு இருபத்தெட்டு என்று நோட்டில் கட்டம் போட்டு, ஒரு நிமிஷம் கூடவும் குறையவும் விடாமல் ஊருக்கு நீர் அளந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் காலை ஐந்தே காலுக்கு அவருடைய வலது மணிக்கட்டு தூக்கத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். வாய் திறந்து பேசக் கூச்சம், மனசுக்குள் எண்ணுவதற்குக் கூச்சமில்லை. கல்யாண வீட்டில் எத்தனை நாற்காலி, பூசையில் எத்தனை தலை, வேப்பமரத்தில் எத்தனை காக்கை என்று எண்ணிக்கொண்டிருப்பார், யாராவது கேட்டால்கூடச் சொல்லமாட்டார்.

கேட்காமல் அவர் சொன்னது ஒரே ஒரு தடவை. ஒன்பது வருஷத்துக்கு முன் அவருடைய தம்பி சூசைமிக்கேல், அதாவது ஒன்பது சூசைமிக்கேல்களில் இவருக்கு அடுத்த வீட்டில், ஒரே மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவன், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றான், தோற்றான். ஓட்டு எண்ணுகிற இடத்தில் தம்பிக்காக உட்கார்ந்திருந்தவர் அண்ணன்தான். மறுநாள் டீக்கடையில் சூசைமிக்கேல் எட்டுப் பேர் நடுவே, "எழுபது ஓட்டு வாங்கினேன்வே, கொஞ்சத்துல போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த மரியமிக்கேல் தலையைத் தூக்கி, "எழுபது இல்லடே, பதினேழு" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கணக்குத் தப்பாக இருந்தது, திருத்தினார், அவ்வளவுதான். சொந்தத்தில் மட்டும் இருபத்தாறு ஓட்டு இருந்த ஆள் பதினேழு வாங்கியிருக்கிறான் என்று எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மனசுக்குள் கழித்துப் பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் சூசைமிக்கேலின் பட்டப்பேர் பதினேழு.

அந்த ஊரிலேயே தன் பட்டப்பேரைத் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அவன்தான், பாவம். அதனால் அவன் காதுபட அந்த எண்ணைச் சொல்ல ஊருக்கு மனம் வரவில்லை. முட்டைக்காரி அவன் வீட்டு வாசலில், "பதினஞ்சு, பதினாறு, அதுக்கு அடுத்தது, பதினெட்டு" என்று எண்ணிப் போடுவாள். கோயில் ஒலிபெருக்கியில் மாதத்தின் அந்தத் தேதிக்குப் 'பதினாறுக்கு மறுநாள்' என்று பேர். அண்ணனும் தம்பியும் அன்றிலிருந்து பேசவில்லை. மதிலுக்கு மேலே வந்த பேச்சு ஒன்றே ஒன்று. சூசைமிக்கேலின் ஒரே மகள் ஜெனோவா, அண்ணன் கையில் ஏந்த ஞானஸ்நானம் பெற்றவள், அவருடைய ஞானப்பிள்ளை, அப்பா இல்லாத நேரம் பார்த்து, "தோத்திரம் பெரியப்பா" என்று மதிலுக்கு மேல் ஒரு சொல் எறிவாள். இவர் இந்தப் பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு, "தோத்திரம் மக்களே" என்பார்.

அந்த ஜெனோவாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கல்யாணம் கிடையாது, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலாம். கல்யாணம் ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு. நவம்பர் கடைசி ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். அன்று மாலையே சூசைமிக்கேலும் மனைவியும் தாம்பாளத்தில் கார்டை அடுக்கி வீடு வீடாக ஏறத் தொடங்கினார்கள். அவன் வீட்டைக் கழித்து ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. ஆறு நாளில் இருநூற்றுப் பதினொரு வீட்டுக்குக் கார்டு போய்விட்டதென்று மரியமிக்கேல் கணக்கு வைத்திருந்தார்.

"உங்களுக்குக் கால் இருக்கு, நாக்கு இருக்கு, பத்தடி நடந்துபோய்க் கேளுங்க" என்றாள் மனைவி லில்லிபுஷ்பம்.

"கேட்டு வாங்குனா அது அழைப்பா?"

"அப்போ என்ன செய்யப் போறீங்க?"

அவர் வீட்டு முகப்பை நிமிர்ந்து பார்த்தார். மனசுக்குள் யோசித்திருந்தது இதுதான்: கார்டு வராவிட்டால் கல்யாண வீட்டுப் படி ஏற முடியாது, ஆனால் தன் வீட்டு முகப்பில் கிறிஸ்துமஸுக்கு விளக்குப் போடுவதை யாரும் தடுக்க முடியாது, போட்ட விளக்கு மதிலோடு நின்றுகொள்ளாது, அந்தப் பக்கம் விழும், பந்தல் காலில் விழும், பொண்ணு தலையில் விழும். வெளிச்சத்துக்குக் கார்டு தேவையில்லை.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற அவர் மகள் அமலி பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினி அலமாரியில் சேலைக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்தார். நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, பதினாறு பதினாறு சுவிட்சு கொண்ட இரண்டு பச்சைப் பலகையும், ஐம்பது ஐம்பது பல்பு கொண்ட முப்பத்திரண்டு சீரியல் செட்டும் வாங்கிவந்தார். பாயில் விரித்து எண்ணினார். இரண்டு செட்டில் நாற்பத்தொன்பது இருந்தது. மறுபடி பஸ் ஏறிப் போய் மாற்றினார். மொத்தம் ஆயிரத்து அறுநூறு, ஒன்று குறையாமல். கணினியில் எந்தக் கோட்டை எந்த நொடியில் எரியவிடுவது என்று அமலி போனில் சொல்ல ஆரம்பித்து, இரண்டே நிமிஷத்தில் நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் திரையில் கண்டது அவருடைய வால்வு நோட்டேதான், இடது பக்கம் தெரு இருக்கவேண்டிய இடத்தில் விளக்குச் செட்டு, மேலே மணிக்குப் பதில் நொடி, நடுவில் கட்டம். கட்டத்தில் தட்டினால் திறந்தது, மறுபடி தட்டினால் மூடியது. "அப்பா, எனக்கே இவ்வளவு வேகமா வராது" என்றாள் மகள். அவருக்கு மணிக்கட்டு லேசாகத் திரும்பியது.

ஒரே ஒரு இடத்தில் இடறியது. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பேர் வேண்டும் என்றது கணினி. பேர் போடாவிட்டால் தானாக ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டது. எண் அவருக்குப் பிடித்ததுதான். ஆனால் வாசல் கேட்டில் தொடங்கி, முருங்கையில் ஏறி, கூரை விளிம்பைச் சுற்றி, குடிலுக்கு மேல் நட்சத்திரத்தைத் தொட்டுத் திரும்பும்போது, பதினேழாவது செட்டு சரியாக அந்த மதில் மேல் வந்தது. வயரில் ஒட்டுகிற பிளாஸ்திரித் துணியில் 17 என்று எழுதித் தொங்கவிட்டால், அது தம்பி முகத்துக்கு நேரே தொங்கும். பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு என்று எழுதினால், தவிர்த்திருக்கிறார் என்று அதைவிடப் பளிச்சென்று தெரியும். ஒரு பகல் முழுக்க யோசித்து, எண்ணையே விட்டுவிட்டார். முப்பத்தொரு வருஷம் வால்வு திறந்தபோது வீடுகளை நினைவில் வைத்திருந்த வரிசையிலேயே, ஊராரின் பட்டப்பேர்களை ஒற்றை விரலால் தட்டினார்: கொட்டாவி, ராக்கெட்டு, அப்பறம், இட்லிச்சட்டி, ரேடியோ. இப்படி முப்பத்திரண்டு. மதில் மேல் ஓடிய செட்டுக்கு மட்டும் வெறும் புள்ளி ஒன்று வைத்தார்.

டிசம்பர் எட்டாம் தேதி, மாதா திருநாள், மாலை ஆறரைக்குச் சுவிட்சைப் போட்டார். கேட்டில் சுற்றியிருந்த சிவப்புச் செட்டு எரிந்தது. அதே நொடியில், முக்குத் திரும்பி நாற்பது அடி தள்ளியிருந்த டீக்கடையில், பாய்லர் முன்னால் நின்ற கடைக்காரர், ஊரார் கொட்டாவி என்று அழைக்கிற பீட்டர்மிக்கேல், பிடரியிலிருந்து பாதம் வரை சிவப்பாக எரிந்தார். டார்ச் லைட்டை உள்ளங்கையால் மூடினால் விரல் சிவக்குமே, அப்படி.

"மாமா, நீரு எரியுதீரு" என்றான் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன்.

"பாய்லர் சூடுவே" என்றார் அவர், அணைந்தார், இரண்டு நொடி கழித்து மறுபடி எரிந்தார்.

பால் வாங்க வந்த ரோஸ்மேரி சிரித்தாள்; சிரித்த வாயோடு பச்சையாக எரிந்தாள். இட்லிச்சட்டி மஞ்சளாகத் தெருவில் ஓடிவந்தாள். அப்பறம் என்று பேர்பெற்றவர் ஊதாவாக எரிந்துகொண்டே, "அப்பறம்?" என்று கேட்டார். எல்லாரும் வெளிச்சம் வந்த திசையைப் பிடித்து மரியமிக்கேல் வீட்டு வாசலுக்கு வந்து, வயரில் தொங்கிய துணித்துண்டுகளை வாசித்தார்கள்.

"எப்போலேர்ந்து எனக்குக் கொட்டாவின்னு பேரு?" என்றார் பீட்டர்மிக்கேல்.

"எம்பத்தி நாலுலேர்ந்து" என்றாள் ரோஸ்மேரி. "சாமி பிரசங்கத்துல நீங்க விட்ட கொட்டாவியில பலிபீடத்து மெழுகுவர்த்தி அணைஞ்சுதுல்லா."

"சரி தாயி ராக்கெட்டு."

"யாரு ராக்கெட்டு?"

அவள் பச்சையாக எரிந்தாள். யாரும் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் ஊரில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை கொட்டாவி தன் கடைப் பலகையில் 'கொட்டாவி டீ ஸ்டால்' என்று எழுதி மாட்டினார், அதோடு கோபம் முடிந்தது. வெளிச்சம் எப்படி வந்ததென்று விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. வந்த வெளிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் ஊருக்கு ஆயிரம் வேலை இருந்தது. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்து, ஆயிரத்து அறுநூறு பல்புக்கு உண்டான யூனிட்தான் ஓடுகிறது, ஆட்கள் எரிவதற்குத் தனியாக ஓடவில்லை, ஆகவே எழுத ஒன்றுமில்லை என்று போய்விட்டார். தெருவிளக்கு இல்லாத குளத்துக்கரைப் பாதையில் பெண்கள் ராக்கெட்டை முன்னால் விட்டு நடந்தார்கள். இட்லிச்சட்டி தன் வெளிச்சத்தில் அரிசி புடைத்தாள், ஐந்து நொடி எரியும், மூன்று நொடி அணையும், அந்தத் தாளத்துக்கே முறம் பழகிவிட்டது. சீட்டாடப் போன கணவன்மார் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்தால், வைக்கோல் போர் ஊதாவாக விட்டுவிட்டு மின்னிற்று. கல்யாணமாகி வந்து நாலு மாசமான ஒரு மருமகள், எல்லாரும் எரிகிறார்கள், எனக்கு இந்த ஊரில் ஒரு பேர் வைக்கக்கூட ஆள் இல்லையே என்று அழுதாள். டீக்கடையில் கூடி யோசித்து, அவள் நடையைப் பார்த்து, சாயங்காலத்துக்குள் சலங்கை என்று பேர் வைத்தார்கள்.

பங்குச்சாமி அதை ஞாயிறு மாலைப் பிரசங்கத்தில் தொட்டார். "பெயர் சொல்லி அழைக்கப்படுவதும் ஒளி பெறுவதும் நம் வேதத்துக்குப் புதிதல்ல" என்று தொடங்கினார். அதற்குள் ஆறரையாகி, அவரே ஊதாவாக எரிந்தார். ஊர் அவருக்கு வைத்திருந்த பேர் லேட்டு. அங்கியின் கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, திருவருகைக் காலத்துக்கு ஊதா நிறம் பொருத்தந்தான், பாஸ்கு என்கிற ஈஸ்டர் நாளில் வெள்ளைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லி, பலிபூசையைத் தொடர்ந்தார்.

பேர் கேட்டு வாசலில் வரிசை நின்றது. மரியமிக்கேல் இன்னும் இரண்டு பலகை வாங்கினார், அறுபத்து நான்கு ஆயிற்று, அப்படியும் ஊர் கொள்ளவில்லை. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மேலத்தெருவுக்கு நாற்பது நிமிஷம், கோயில் தெருவுக்கு முப்பத்தைந்து, கிணற்றுத் தெருவுக்கு இருபத்தெட்டு. ஒரு வாரத்துக்குள் ஊர் பழைய பாட்டைப் பாட ஆரம்பித்தது. "மேலத்தெருவுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் கூட விடுதாரு." "எங்க கடைசி வீட்டுக்கு வெளிச்சம் ஏறவே மாட்டங்குது, பிரஷர் இல்ல."

இப்படி இருக்கையில் ஒருநாள் கொட்டாவி கணினித் திரையை எட்டிப் பார்த்து, "எல்லாரையும் எரிய விடுதீரு, உம்மைக் காணலியே" என்றார்.

"எனக்குப் பேரு கிடையாது" என்றார் மரியமிக்கேல். அவர் அதை உண்மையாகவே நம்பியிருந்தார்.

கொட்டாவி லில்லிபுஷ்பத்தைப் பார்த்தார். லில்லிபுஷ்பம் முருங்கையைப் பார்த்தாள். பிறகு கொட்டாவியே ஒற்றை விரலால் தட்டினார்: சொட்டு. மரியமிக்கேலின் இரண்டு கையும் நீலமாக எரிந்தன. நேரம் முடிந்தால் ஒரு சொட்டுக்கூட விடமாட்டார் என்று ஊர் முப்பத்தேழு வருஷமாக வைத்திருந்த பேர். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய்யில்லை. கணக்கில் பிழையில்லை. ஆனாலும் குத்தியது, அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். இரண்டு கை நீலம் இப்படிக் குத்துமென்றால், ஒன்பது வருஷம் ஒருவன் அதைச் சட்டைக்குள் சுமந்துகொண்டு, முட்டைக்காரி முன்னால் நின்று, பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு என்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எண்ணிப் பார்த்தார். எண்ணி முடியவில்லை.

கோயில் தெருவின் முறை வரும்போது நாற்பத்து மூன்று வீட்டு ஆட்களும் வாசலில் வந்து நின்று எரிவார்கள். நடுவில் அடுத்த வீட்டு வாசலில் மட்டும் வெள்ளைச் சட்டையோடு ஒருவன் எரியாமல் நிற்பான். பிறகு நிற்பதையும் விட்டுவிட்டான்.

இருபத்து மூன்றாம் தேதி ஜெனோவா மதிலுக்கு மேல் சொல் எறியவில்லை, கேட்டைத் திறந்துகொண்டே வந்தாள்.

"பெரியப்பா, நாளைக்கு ஆறரைக்கு மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து கேக்கும் சேலையும் கொண்டு வாராங்க. அப்பா ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்காவ. 'ஊரே எரியுது, பொண்ணைப் பெத்தவன் மட்டும் பீஸ் போன பல்பு மாதிரி நிக்கானே, ஊருக்கு ஆகாதவனோன்னு கேப்பாங்க'ன்னு சொல்லுதாவ."

அவர் தரையைப் பார்த்தார். மெல்ல, "கார்டு?" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்க அவருக்கு மூன்று வாரம் பிடித்திருந்தது.

அவளும் தரையைப் பார்த்தாள். "கேட்டுட்டேன் பெரியப்பா. 'அவரு வந்தா எண்ணுவாரு'ன்னு சொல்லுதாவ."

லில்லிபுஷ்பம் உள்ளே போய்விட்டாள்.

"அப்பாவை எப்படியாவது எரிய வைங்க" என்றாள் ஜெனோவா. "ஆனா அந்தப் பேரை மட்டும் போட்டுறாதீங்க."

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் பாதி ஊர் அவர் வாசலிலும் மீதி ஊர் தெருவிலும் நின்றது. பொண்ணு வீட்டு மானம் ஊர் மானம். மரியமிக்கேல் வாசல்படியில் கணினியை மடியில் வைத்து உட்கார்ந்து, அதுவரை புள்ளியாக இருந்த மதில் செட்டுக்குச் 'சூசைமிக்கேல்' என்று தட்டினார். மதில் மஞ்சளாக எரிந்தது. ஒன்பது சூசைமிக்கேலில் ஒருவர்கூட எரியவில்லை. ரேஷன் கார்டுப் பேருக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை.

"அந்த நம்பரைப் போடும்வே" என்று கொட்டாவி காதோரம் கிசுகிசுத்தார். "ஒரே ஒரு நாளைக்கு. வந்தவங்களுக்கு அது என்னன்னா தெரியப்போகுது?"

"அவனுக்குத் தெரியும்" என்றார் மரியமிக்கேல்.

முருங்கையில் ஓடிய நீலச் செட்டில் தன் பேரான சொட்டை அழித்தார். யோசித்து, அந்த இடத்தில் 'தம்பி' என்று தட்டினார். தெருவில் ஒரு பெருமூச்சுக் கிளம்பியது. ஊர் ஆண்களில் யாருக்கெல்லாம் அண்ணன் உண்டோ அவர்கள் எல்லாரும் நீலமாக எரிந்தார்கள். எழுபத்தெட்டு வயதுக் கிழவர் ஒருவர் எரிந்தார், ஒன்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைக்குட்டியான பங்குச்சாமி எரிந்தார், தெரு முக்கில் அந்நேரம் திரும்பிய வேனுக்குள்ளும் ஒரு நீலம் எரிந்தது, மாப்பிள்ளைக்கு இரண்டு அண்ணன்மார். மரியமிக்கேல் எழுந்து நின்று எண்ணினார். கண்ணுக்கு எட்டிய வரை, வேனில் இருந்தவரோடு சேர்த்து, இருபத்தேழு.

சத்தம் கேட்டு சூசைமிக்கேல் கதவைத் திறந்து வாசலுக்கு வந்திருந்தான். அவன் எரியவில்லை. ஒன்பது வருஷமாக அவன் தம்பியாக இல்லை.

வேன் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா கேக் பெட்டியோடு இறங்கி, எரிகிற ஊரை மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டே வந்து, எரியாத வாசலில் வந்து நின்றார். "சம்பந்தி" என்றார். கேக் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். சூசைமிக்கேல் தலை குனிந்திருந்தான். ஜெனோவா அவன் பின்னால் நின்று மதிலைப் பார்த்தாள்.

மரியமிக்கேல் மறுபடி உட்கார்ந்தார். மதில் செட்டில் இருந்த பேரை அழித்தார். ஆயிரத்து அறுநூறில் இரண்டு குறைந்ததற்காக நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிய விரல், 'எ' என்று ஒரு எழுத்தைத் தட்டி நின்றது. அழித்தது. மறுபடி தட்டியது. வாழ்நாளில் தெரிந்தே ஒரு தப்பான எண்ணை அவர் எங்கும் எழுதியதில்லை, நோட்டில் இல்லை, சுவரில் இல்லை, மனசிலும் இல்லை. நாலு எழுத்து. தட்டி முடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டத்தைத் திறந்தார்.

மதில் மஞ்சளாக எரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சூசைமிக்கேல் காலரிலிருந்து தொடங்கி, கை, கால், வேட்டி விளிம்பு வரை, கொன்றை பூத்த மாதிரி எரிந்தான். தெரு கைதட்டியது. கொட்டாவி திரையில் குனிந்து, உரக்க வாசித்தார்: "எழுபது!"

கைதட்டல் நின்றது. சூசைமிக்கேல் தலையைத் தூக்கினான். படி இறங்கி, தெருவில் நடந்து, ஒன்பது வருஷமாகத் தொடாத கேட்டைத் திறந்து, எரிந்துகொண்டே வந்து அண்ணன் முன்னால் நின்றான்.

"என்ன போட்டிருக்கீங்க?"

"எழுபது."

"அது பதினேழு" என்றான் சூசைமிக்கேல். ஒன்பது வருஷமாகத் தெருவில் யாரும் சொல்லாத எண்ணை அவனே சொன்னான்.

"எழுபது."

"நீங்கதானே எண்ணுனீங்க? நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பா எண்ணிட்டேன்டே."

"நீங்களா? ஒரு பக்கெட்டு தண்ணி தப்பாத ஆளு, அம்பத்தி மூணு ஓட்டையா தப்பா எண்ணுவீங்க? பதினேழு! நானும் எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரியாதா? பதினேழு!"

"எழுபது" என்றார் மரியமிக்கேல் பிடிவாதமாக.

"என்ன எழுபது?" என்று கேக் பெட்டியோடு பின்னாலேயே வந்திருந்த சம்பந்தி கேட்டார். ராக்கெட்டுதான் சொன்னாள்: "ஓட்டு. எலெக்‌ஷன்ல நின்னாவ."

"எழுபதோ பதினேழோ, எம்மாடி!" என்றார் சம்பந்தி. "எங்க ஊர்ல நான் நின்னேன். ஒம்பது. அதுல ஒண்ணு செல்லாத ஓட்டு."

முதலில் சிரித்தது சூசைமிக்கேல்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், மஞ்சள் வெளிச்சம் அவன் மேல் குலுங்கிக் குலுங்கி விழுந்தது, பிறகு தெரு முழுக்கச் சிரித்தது, சாமி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஜெனோவா மதிலில் கை ஊன்றி நின்றாள். லில்லிபுஷ்பம் எல்லாருக்கும் காபி போட உள்ளே ஓடினாள்.

"இந்த லட்சணத்துல நீங்க எண்ணுனா" என்று சூசைமிக்கேல் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான், "கல்யாணத்துல இலை பத்தாமப் போயிரும். நாளன்னைக்குச் சமையல்காரன் வாரான். காலையிலேயே வந்திருங்க. எத்தனை பந்தி, எத்தனை இலைன்னு நீங்கதான் அவன்கிட்ட சொல்லணும், அண்ணாச்சி. ஒழுங்கா எண்ணுங்க."

மரியமிக்கேல் தலையாட்டினார். கணினியில் நொடிகள் தம் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தன; மதில் அணைந்து, முருங்கையின் முறை வந்தது. தெருவில் யாரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கிழவர் நீலமானார், சாமி நீலமானார், வேனில் சாய்ந்து நின்ற மாப்பிள்ளை நீலமானான். இலை வாழையிலையா தாமரையிலையா என்று கேட்டுக்கொண்டிருந்த சூசைமிக்கேல், பேச்சின் நடுவே, தனக்கே தெரியாமல் நீலமானான்.

மரியமிக்கேல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து எண்ணினார். நம்பிக்கை வராமல் அந்தக் கோடியிலிருந்து ஒரு தடவை எண்ணினார். இருபத்தெட்டு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.